பஞ்ச் அவுட்: 14 சண்டைக்கும் ஒரே இசை, ஏன் சலிக்கவில்லை?

பழைய_கேசட் (#1)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக மனதில் சுற்றும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

நிண்டெண்டோ 1987இல் என்.ஈ.எஸ். என்ற தன் வீட்டு டிவி கேம் மெஷினுக்கு வெளியிட்ட 'மைக் டைசன்ஸ் பஞ்ச் அவுட்' விளையாட்டைத் தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆடுகிறேன். தெரியாதவர்களுக்காக: லிட்டில் மேக் என்ற 17 வயதுப் பையன், எடை 107 பவுண்டு, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்காரன். தன் இடுப்புயரம்கூட இவன் வரமாட்டான் என்கிற மாதிரி ஆட்களோடு ஒவ்வொருவராக மோதுகிறான். முதல் ஆள் கிளாஸ் ஜோ, கணக்கில் 1 வெற்றி, 99 தோல்வி. கடைசியில் டைசன். சிலர் இரண்டு முறை வருவதால் மொத்தம் 14 சண்டை.

இந்த 14க்கும் மணி அடித்ததும் ஒலிப்பது ஒரே இசை. கிளாஸ் ஜோவுக்கும் அதுதான், டைசனுக்கும் அதுதான். சின்னச் சுற்று, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மிஸ்டர் சேண்ட்மேன் என்ற எதிராளியிடம் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரே ராத்திரியில் அந்தச் சுற்றை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. எனக்குச் சலிக்கவில்லை. பக்கத்து அறையில் படிக்கும் மகளுக்கும் சலிக்கவில்லை, காலையில் தலை சீவும்போது அதையே முணுமுணுக்கிறாள்.

வேறு எந்தப் பழைய விளையாட்டின் இசையும் இவ்வளவு கேட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடும். இதில் மட்டும் என்ன இருக்கிறது? இசை தெரிந்தவர்கள், சிப் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாணயம்_போடு (#2)

நல்ல கேள்வி. ஆனால் 1987இலிருந்து தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். பஞ்ச் அவுட் முதலில் 1984இல் ஆர்கேட் மெஷினாக, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் மெஷினாக வந்தது. கென்யோ டகெடா தலைமையில் உருவானது, ஆட்களை வரைந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு திரை. மேலே இருவர் படமும் விவரமும், கீழே சண்டை. நம் ஆள் பச்சைக் கம்பி வலை மாதிரி தெரிவான், அவன் உடம்புக்குள்ளேயே பார்த்து எதிராளியைக் குத்த வேண்டும்.

அதன் இசையில் வேலை பார்த்தவர் கோஜி கோண்டோ. அந்த வருடம்தான் நிண்டெண்டோவில் சேர்ந்திருந்தார், அவர் கைவைத்த முதல் விளையாட்டு இது. அடுத்த வருடம் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இசையைப் போட்டார் என்றால் ஆள் யார் என்று புரியும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. அந்த ஆர்கேட் பலகையில் ஆட்டத்தை ஓட்டுவது இஸட்80 சிப். ஆனால் ஒலிக்கென்று தனியாக உட்கார்ந்திருப்பது ரிக்கோவின் 2ஏ03. ஃபேமிகாம் (என்.ஈ.எஸ். மெஷினின் ஜப்பான் வடிவம்), என்.ஈ.எஸ். மெஷின்களுக்குள் இருக்கும் அதே குடும்பத்துச் சிப். கடையில் காசு போட்டு ஆடிய மெஷினும் வீட்டில் ஆடிய மெஷினும் ஒரே தொண்டையில்தான் பாடின. வர்ணனையாளர் குரல் மட்டும் ஆர்கேடில் வேறு ஒரு பேச்சுச் சிப்பிலிருந்து வந்தது. இடது, வலது, உடம்பில் குத்து என்று ஒவ்வொன்றையும் கத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தபோது அந்தக் குரல் போய்விட்டது. அதனால்தான் வீட்டுப் பதிப்பில் இசைக்கு இவ்வளவு இடம் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுப் பதிப்புக்கு இசை போட்டவர்கள் மூன்று பேர்: யுகியோ கனேயோகா, அகிடோ நகட்சுகா, கென்ஜி யமமோட்டோ. கனேயோகா அதற்கு முன் 'டாங்கி காங்' ஆர்கேடில் வேலை செய்தவர். நகட்சுகா அதே 1987இல் 'செல்டா 2' இசையையும் செய்தார். யமமோட்டோவின் பெயரை 'சூப்பர் மெட்ராய்ட்' ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள்.

ராக_வேட்டை (#3)

பழைய_கேசட் சார், 14 சண்டைக்கும் ஒரே இசை என்றீர்கள். மணி அடித்த பிறகு ஒரே இசை, அது சரி. அதற்கு முன் என்ன ஒலிக்கிறது என்று கவனியுங்கள், விடையில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

இருவர் படமும் வெற்றி தோல்விக் கணக்கும் வரும் திரையில் ஒரு அணிவகுப்பு இசை வருமே, அது நிண்டெண்டோ எழுதியதே அல்ல. அமெரிக்காவில் 1950களில் வெள்ளிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை ஒளிபரப்பாகும். அந்த நிகழ்ச்சியைத் தாங்கியது ஜில்லெட் சவரப் பிளேடு நிறுவனம். அதற்காக மாலன் மெரிக் எழுதிய அணிவகுப்பு மெட்டு அது. அந்தத் தலைமுறை அமெரிக்கர்களுக்கு அதைக் கேட்டால் குத்துச்சண்டை தொடங்கப் போகிறது என்று அர்த்தம். ஜப்பானில் உட்கார்ந்து விளையாட்டு செய்தவர்கள் அதையே எடுத்து வைத்தார்கள். ஆர்கேடிலும் அது உண்டு.

அப்புறம் எதிராளி வளையத்துக்குள் வந்து நிற்கும்போது சிலருக்கு அவரவருக்கென்று ஒரு துண்டு இசை:

கிளாஸ் ஜோ பாரிஸ்காரன். அவனுக்கு பிரெஞ்சு தேசிய கீதமான லா மார்செய்யேஸ், 1792இல் எழுதப்பட்ட போர்ப் பாட்டு. 99 முறை தோற்றவன் அதைக் கேட்டபடி நிற்கிறான்.

ஜெர்மனிக்காரன் வான் கைசருக்கு அந்நாட்டு இசையமைப்பாளர் வாக்னரின் வால்கிரி இசை. 1870இல் மியூனிக்கில் அரங்கேறிய இசை நாடகத்திலிருந்து.

டான் ஃபிளமெங்கோவுக்கு பிசேயின் 'கார்மென்' இசை நாடகத்திலிருந்து. ஸ்பெயின்காரனுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் 1875இல் ஸ்பெயினைக் கற்பனை செய்து எழுதியது.

ஜப்பான்காரன் பிஸ்டன் ஹோண்டாவுக்கு அந்நாட்டுப் பாட்டு 'சகுரா சகுரா'. ரஷ்யாக்காரன் சோடா பொபின்ஸ்கிக்கு வோல்கா படகிழுப்பவர்களின் பாட்டு.

சகுராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. அது முடிகிற சுரத்தை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால் ஸ ரி1 ம1 ப த1. 'கர்நாடக சுத்த சாவேரி' என்ற ராகத்தின் சுரங்கள் அப்படியே. நான் சின்ன வயதில் வீணை கற்றவள், முதல் முறை அந்தத் துண்டு ஒலித்தபோது கை தானாக மடியில் மீட்டியது.

ஆக, ஒவ்வொரு சண்டைக்கும் முன் ஊரே அறிந்த ஒரு மெட்டு வந்து போகிறது. மணி அடித்ததும் யாரும் எங்கேயும் கேட்டிராத ஒரு மெட்டு. முன்னால் வருவது மாறிக்கொண்டே இருப்பதால் பின்னால் வருவது புதிதாகக் காதில் விழுகிறது. ஒரே சாம்பார்தான், தொட்டுக்கொள்வது தினம் வேறு.

பழைய_கேசட் (#4)

ஜில்லெட் சங்கதி எனக்குப் புதிது. அந்த அணிவகுப்பை நான் இத்தனை நாளாக நிண்டெண்டோவின் சொந்தப் படைப்பு என்றே நம்பியிருந்தேன். சாம்பார் உவமையை மகளிடம் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டாள்.

பதினாறு_பிட் (#5)

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்த ஒரே இசை சலித்தது. அதனால்தான் 1994இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த 'சூப்பர் பஞ்ச் அவுட்' எனக்குப் பிடித்தது. டகாஷி குமெகாவா, மசாரு டஜிமா இருவரும் இசை. அந்த மெஷினில் சோனி செய்த ஒலிச் சிப், ஒரே நேரத்தில் எட்டுக் குரல், நிஜ வாத்தியங்களின் பதிவுத் துண்டுகளை வைத்து வாசிக்கும். மொத்தம் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்க வேண்டும், ஆனாலும் பேஸ் கிடார் பேஸ் கிடாராகவே கேட்கும்.

சண்டை இசையே ஆளுக்குத் தகுந்தபடி மாறுகிறது. ஜமைக்காக்காரன் பாப் சார்லி வந்தால் அவன் நாட்டு ரெக்கே இசை துள்ளுகிறது. எதிரில் நிற்பவன் யார் என்பதைச் சண்டை நடக்கும்போதும் இசை சொல்ல வேண்டாமா? மூன்று நொடித் துண்டில் அறிமுகம் செய்துவிட்டு அப்புறம் எல்லோரையும் ஒரே மெட்டில் நிறுத்துவது நியாயமா?

பழைய_கேசட் (#6)

நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். சூப்பர் பஞ்ச் அவுட்டையும் திரும்ப எடுத்துக் கேட்டேன். இசையாகக் கேட்டால் அதுதான் வளமானது, மறுக்க முடியாது.

ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் கிளாஸ் ஜோவிடமே அடி வாங்கினேன். அந்த இசை அப்போது பதற்றமாகக் கேட்டது. ஒரு மாதம் கழித்து அவனை முதல் சுற்றிலேயே கீழே தள்ளியபோது அதே இசை கொண்டாட்டமாகக் கேட்டது. சேண்ட்மேன் முன்னால் அதே இசை மறுபடி பதற்றமாகிவிட்டது. சுரம் ஒன்றுகூட மாறவில்லை, மாறியது என் கை. ஆளுக்கு ஆள் இசை மாறியிருந்தால் இதை நான் உணர்ந்திருக்க மாட்டேன்.

முக்கோண_அலை (#7)

தாமதமாக வருகிறேன், ஆனால் இது என் பிரியமான இடம். சிப் பக்கமிருந்து சொல்கிறேன்.

2ஏ03இல் மொத்தம் ஐந்து குரல். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுத் துண்டை ஓட்டும் ஒன்று. சதுர அலைகளுக்கு நான்கு வகைத் தொனி உண்டு. அலை மேலே நிற்கும் நேரம் 12.5 சதவீதமா, 25ஆ, 50ஆ, 75ஆ என்பதைப் பொறுத்தது. 50 என்றால் உருண்டையாக, குழல் மாதிரி. 12.5 என்றால் மெலிந்து, மூக்கால் பாடுவது மாதிரி. காதுக்கு 25உம் 75உம் ஒன்றேதான்.

முக்கோண அலைக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும். ஆகவே பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களை வாசிக்க அதை வைப்பார்கள். நறுக்நறுக்கென்று வெட்டி வாசித்தால்தான் தாளம் தெரியும். சண்டை இசைக்குள் யாரோ விறைப்பாக நடைபோடுகிற மாதிரி ஒரு உணர்வு இருக்கிறதே, அதில் இந்த வெட்டுக்கும் பங்கு உண்டு.

இப்போது முக்கியமான சங்கதி. இந்த ஐந்து குரலும் இசைக்கு மட்டும் சொந்தம் அல்ல. குத்து விழும் சத்தம், விலகும் சத்தம், எதிராளி கை ஓங்கும் சத்தம், எல்லாம் இதே ஐந்திலிருந்துதான் வர வேண்டும். அந்த மெஷினில் பொதுவாக என்ன நடக்கும் என்றால், சத்தம் தேவைப்படும்போது ஒரு குரல் பாட்டை விட்டுவிட்டு அதற்குப் போகும், முடிந்ததும் பாட்டுக்குத் திரும்பும். இடையில் உள்ள சுரங்கள் ஒலிக்காமலே போய்விடும். குத்துச்சண்டை விளையாட்டில் நொடிக்கு நொடி சத்தம். ஆகவே ஒரே சுற்றை ஆயிரம் முறை கேட்டேன் என்று நீங்கள் நினைத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஓட்டை விழுந்த சுற்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். விட்டுப்போன சுரத்தை உங்கள் காது நிரப்பிக்கொள்கிறது.

சோதித்துப் பாருங்கள். இசையை மட்டும் தனியாகப் பதிவு செய்த கோப்பை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. ஆடும்போது அலுத்ததே இல்லை.

ராக_வேட்டை (#8)

முக்கோண_அலை அவர்களே, இது அருமை. கச்சேரியில் மிருதங்கம் ஓங்கும்போது பாடகர் ஒரு அட்சரம் விட்டுப் பிடிப்பார், ரசிகர் மனதுக்குள் அதைப் பாடிவிடுவார். அதே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

செவிவழி (#9)

இந்த இழையை எனக்குத் தம்பி படித்துக் காட்டினான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தால் நிறம் அசைவது தெரியும். யார் முகம், எந்தக் கை என்பது தெரியாது. நான் முழுதாக ஆடக்கூடிய சில விளையாட்டுகளில் பஞ்ச் அவுட் ஒன்று. ஏனென்றால் இதில் அடி வருவதற்கு முன் சத்தம் வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பால்ட் புல் என்ற துருக்கிக்காரன் திடீரென்று பின்னால் போய்விடுவான். அங்கிருந்து துள்ளித் துள்ளி வருவான், ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் சரியான கணத்தில் வயிற்றில் ஒரே குத்து, ஆள் கீழே. கொஞ்சம் பிசகினால் நான் கீழே. பார்வை உள்ளவர்கள் அவன் காலைப் பார்த்துக் குழம்புகிறார்கள் என்று தம்பி சொல்வான். எனக்கு அது எண்ணிக்கை மட்டும்தான்.

இசை இதற்கு உதவுகிறதா, தொந்தரவா என்று தம்பியின் நண்பர்கள் கேட்பார்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தாளத்துக்கு ஏற்ப எதிராளி அடிப்பதில்லை. இசையின் காலப்பிரமாணத்தை நம்பி விலகினால் அடி நிச்சயம். ஆனாலும் இசையை நிறுத்திவிட்டு ஆடினால் எனக்குத் தடுமாறுகிறது. முக்கோண_அலை சொன்ன ஓட்டையைப் படித்ததும்தான் காரணம் பிடிபட்டது. எதிராளி கை ஓங்கும் சத்தம் காதில் ஏறுவதற்கு முன்பே மெட்டில் எங்கோ ஒரு சுரம் காணாமல் போனது எனக்குத் தெரிந்துவிடுகிறது. இத்தனை வருடமாக அதை வைத்துத்தான் ஆடியிருக்கிறேன். அதற்கு இன்றுதான் ஒரு பெயர் கிடைத்தது.

இசை ஆளுக்கு ஆள் மாறியிருந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் நான் இரண்டு பாடம் படிக்க வேண்டியிருந்திருக்கும், அவன் சத்தம் ஒன்று, அவன் பாட்டு ஒன்று. பதினாறு_பிட் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு ஒரே பாட்டே போதும்.

பதினாறு_பிட் (#10)

கோபமா? தம்பி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நான் இசையைக் கேட்பவனாக மட்டும் யோசித்தேன். நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்து நடப்பவராக எழுதியிருக்கிறீர்கள். என் வாதத்தை இந்த அளவில் திரும்பப் பெறுகிறேன். சூப்பர் பஞ்ச் அவுட் இசை பிடிக்கும் என்பது மட்டும் அப்படியே இருக்கும்.

நாணயம்_போடு (#11)

செவிவழி சொல்வது பொழுதுபோக்குத் திறமை அல்ல, உலகமே பார்த்த விஷயம். 2014 ஜனவரியில் நடந்த 'ஆசம் கேம்ஸ் டன் குவிக்' என்ற நன்கொடை திரட்டும் நிகழ்ச்சியில் இரண்டு ஆட்டக்காரர்கள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு இதே விளையாட்டைப் போட்டி போட்டு ஆடினார்கள். அரங்கமே எழுந்து கத்தியது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட முடிகிறது என்றால் தேவையான செய்தி எல்லாம் ஒலியில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ஒலியில் ஒரு சின்ன ஒளித்துவைப்பும் சொல்கிறேன். இந்த விளையாட்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்க பத்து இலக்கக் கடவு எண் அடிக்க வேண்டும். அமெரிக்க நிண்டெண்டோவின் அன்றைய வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணை அங்கே அடித்தால் லைன் பிஸியாக இருக்கும் சத்தம் வரும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதற்காக நேரம் செலவழித்திருக்கிறார்.

வேணி (#12)

சூடான விவாதத்தில் இரண்டு கட்சிதான் இருக்கிறது, மூன்றாவது இருப்பதை யாரும் சொல்லவில்லையே. 2009இல் நிண்டெண்டோவின் வீ மெஷினுக்கு வந்த பஞ்ச் அவுட். கனடாவின் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் செய்தது. இசை மைக் பீகாக், டேரன் ராட்கி, சாட் யார்க்.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? 1987இன் அதே சண்டை மெட்டை எடுத்து ஒவ்வொரு எதிராளிக்கும் வேறு வேறு உடை போட்டு வாசித்தார்கள். கிளாஸ் ஜோவுக்கு அக்கார்டியன். டான் ஃபிளமெங்கோவுக்குக் கிடார். கிரேட் டைகருக்கு சிதார். பழைய_கேசட் அண்ணா கேட்கிற ஒரே பாட்டும் இருக்கிறது, பதினாறு_பிட் அண்ணா கேட்கிற ஆளுக்கேற்ற மாற்றமும் இருக்கிறது. தோற்றவர்கள் பயிற்சி எடுத்துத் திரும்பி வரும் இரண்டாம் பாதியில் அதே இசை இன்னும் முறைப்பாக மாறி வரும். எனக்கு அதுதான் முதலில் கிடைத்த பஞ்ச் அவுட். அப்புறம்தான் பழையதை ஆடினேன், மெட்டைக் கேட்டதும் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ஆனால் கிரேட் டைகர் பற்றி ஒரு உறுத்தல் உண்டு. அவன் பம்பாய்க்காரன், வீ பதிப்பில் மும்பை. தலைப்பாகை, அதில் ஒரு கல், மாயமாக மறைந்து மறைந்து குத்துவான். வீ பதிப்பில் ஹிந்தி பேசுகிறான். இசை என்றால் சிதார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தியா என்றதும் ஒரு சிதார் மட்டும் காதில் விழுகிறது. நம் நாட்டிலிருந்து ஒருவன் இந்த விளையாட்டில் இருக்கிறான் என்ற சந்தோஷமும், அவன் இப்படியா இருக்க வேண்டும் என்ற வருத்தமும் ஒரே நேரத்தில் வந்தது.

ராக_வேட்டை (#13)

வேணி, நீங்கள் சொல்வது நியாயம்தான். எனக்கும் அதே உறுத்தல், ஆனால் வேறு ஆளிடம். சோடா பொபின்ஸ்கி. ஆர்கேடில் அதே பெயரில் வந்த வேறொரு 'சூப்பர் பஞ்ச் அவுட்'டில் அவன் பெயர் வோட்கா ட்ரங்கென்ஸ்கி. குடிகாரன் என்பதே பெயர். குழந்தைகள் ஆடும் வீட்டு மெஷினுக்கு வந்தபோது வோட்காவை சோடாவாக்கினார்கள். அவனுக்குப் போட்ட மெட்டு வோல்கா நதியில் படகைக் கயிறு கட்டிக் கரையோரம் இழுத்த கூலிகளின் பாட்டு. மூச்சைப் பிடித்து இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் பிறந்த பாட்டு, நம் ஏலேலோ மாதிரி. ரஷ்ய இசையமைப்பாளர் பலாகிரெவ் 1866இல் அதைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். அதை எடுத்துக் கேலிக்குரிய ஒரு ஆளுக்கு அடையாளமாக வைத்தது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

ஆனாலும் ஒன்று. அந்தத் துண்டை முதலில் இந்த விளையாட்டில் கேட்டதால்தான் முழுப் பாட்டைத் தேடிப் போனேன். ரஷ்யப் பாடகர் ஃபியோதர் ஷலியாபின் பாடிய பதிவு கிடைத்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு பொபின்ஸ்கி வரும்போதெல்லாம் எனக்கு இழுப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பழைய_கேசட் (#14)

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு துணைக் கேள்வி. 90களில் எங்கள் வீட்டில் டிவி கேம் இருந்தது. மஞ்சள் கேசட், அதன் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது முப்பதோ நாற்பதோ. மரியோ, கான்ட்ரா, டாங்கி எல்லாம் ஆடினோம். பஞ்ச் அவுட் மட்டும் எங்கள் தெருவில் யாரிடமும் இருந்ததில்லை. 2003 வாக்கில் ஒரு பிரவுசிங் சென்டரில் எமுலேட்டரில், அதாவது பழைய மெஷின் மாதிரியே கணினியில் ஓடும் மென்பொருளில்தான் முதலில் பார்த்தேன். ஏன் அப்படி?

முக்கோண_அலை (#15)

காரணம் கேசட்டுக்குள் இருக்கும் சிப். பஞ்ச் அவுட் எதிராளிகள் திரையில் பாதி உயரம். அவ்வளவு பெரிய படத்தை அசைக்க அந்த மெஷினுக்குச் சொந்தமாகத் தெம்பு இல்லை. ஆகவே நிண்டெண்டோ எம்.எம்.சி.2 என்ற சிப்பைச் செய்து கேசட்டுக்குள் வைத்தது. அந்தச் சிப் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும்தான் பயன்பட்டது. மலிவான கூட்டுக் கேசட்டுகளில் வந்தவை பெரும்பாலும் இப்படிக் கூடுதல் சிப் எதுவும் கேட்காத எளிய விளையாட்டுகள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் மனம் கலங்கும். நம் வீடுகளில் இருந்த டிவி கேம் போன்ற நகல் மெஷின்கள் பலவற்றில் இருந்த சிப்பில் சதுர அலையின் 25 சதவீதத் தொனியும் 50 சதவீதத் தொனியும் இடம் மாறியிருக்கும். இசை எழுதியவர் மெல்லிசாக வேண்டும் என்று கேட்ட இடத்தில் உருண்டையாக வரும், உருண்டையாகக் கேட்ட இடத்தில் மெலிந்து வரும். நீங்கள் சின்ன வயதில் கேட்ட மரியோ அப்படிப்பட்ட மரியோவாக இருக்க வாய்ப்பு அதிகம். எமுலேட்டரில் சரியான தொனியைக் கேட்டபோது எனக்கு ஏதோ தப்பு என்று பட்டது. என் நினைவில் இருந்ததுதான் நகல் என்று புரிய வெகு நாள் ஆனது. எனக்கு இன்றும் அந்த மாறிய தொனிதான் பிடிக்கும்.

பஞ்ச் அவுட்டில் இந்தக் குழப்பம் நமக்கு இல்லை. அதை நாம் முதலில் கேட்டதே சரியான தொனியில்தான்.

பதினாறு_பிட் (#16)

இழை தொடங்கியவர் சேண்ட்மேனிடம் மாட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தார், அதற்கு யாரும் உதவவில்லை. அண்ணா, நீங்கள் ஆடுவது தட்டை டிவியிலா?

பழைய_கேசட் (#17)

ஆமாம். பழைய நிஜ மெஷினைச் சேகரிப்பாளர் ஒருவரிடம் வாங்கினேன். டிவி நான்கு வருடம் முந்தையது.

பதினாறு_பிட் (#18)

அங்கேதான் சிக்கல். பழைய குழாய் டிவியில் படம் உடனுக்குடன் வரும். தட்டை டிவி படத்தைப் பெரிதாக்கிச் சரிசெய்து காட்டுவதற்குள் கொஞ்சம் தாமதம். டிவி தன் ஸ்பீக்கரில் ஒலியையும் படத்தோடு சேர்த்துத் தாமதப்படுத்தும். சேண்ட்மேனும் டைசனும் அந்தத் தாமதத்துக்குள் அடித்துவிடுவார்கள். டிவி அமைப்பில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், கொஞ்சம் குறையும்.

செவிவழி (#19)

அண்ணா, நான் செய்வதைச் செய்து பாருங்கள். உங்கள் மெஷின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை இருக்கும், மஞ்சள் படத்துக்கு, சிவப்பு ஒலிக்கு. சிவப்பை டிவிக்குக் கொடுக்காமல் நேராக ஒரு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள், ஸ்பீக்கரோ கம்பி வைத்த ஹெட்ஃபோனோ போதும். புளூடூத் வேண்டாம், அதிலும் தாமதம். அப்போது சத்தம் படத்துக்கு முன்பே வந்துவிடும். கண் பார்ப்பதற்கு முன் காது கேட்டுவிடும்.

பழக்கத்துக்கு, தொடக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆடுங்கள். கிளாஸ் ஜோவில் தொடங்குங்கள். முதலில் குத்தவே வேண்டாம், அவன் சத்தத்தை மட்டும் கேளுங்கள். ரெண்டு சுற்று வீணாகும், பரவாயில்லை.

பழைய_கேசட் (#20)

ஐந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பழைய டேப் ரெக்கார்டரின் ஆம்ப்ளிஃபயர் பரணில் இருந்தது. சிவப்புக் கம்பியை அதில் செருகினேன்.

முதலில் சொல்ல வேண்டியது, பேஸ் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அந்த முக்கோண அலை முழுக்கக் காணாமல் போயிருந்தது. இரண்டு மாதமாக நான் கேட்டது பாதிப் பாட்டு. நடைபோடுகிற மாதிரி என்று முக்கோண_அலை எழுதியது இப்போது தரையில் அதிர்கிறது. சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் பயிற்சியாளர் டாக் லூயிஸ் சைக்கிளில் போக மேக் பின்னால் ஓடும் காட்சி வந்ததும் மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் கண்ணை மூடி ஆடினேன். கிளாஸ் ஜோ மூன்றாவது முயற்சியில் விழுந்தான். வான் கைசர் ஒரு நாள் முழுக்க எடுத்தான். மெட்டில் சுரம் காணாமல் போவதை இன்னும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு முறை, பிஸ்டன் ஹோண்டாவிடம், ஏதோ விட்டுப்போன மாதிரி தோன்றி விலகினேன், குத்து பக்கத்தில் போனது. நிஜமாகவே கேட்டேனா, தற்செயலா, தெரியவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், கை தட்டினாள்.

இப்போது கிரேட் டைகரிடம் நிற்கிறேன். மறைந்து மறைந்து அடிக்கும்போது காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செவிவழி தம்பி, அவனை எப்படிக் கேட்பது?

செவிவழி (#21)

அவனிடம் விலகாதீர்கள் அண்ணா. மறைய ஆரம்பித்ததும் கீழ்ப் பொத்தானை அழுத்தித் தடுப்பில் நில்லுங்கள். ஒவ்வொரு அடியும் கையில் படும் சத்தம் கேட்கும். ஐந்து எண்ணுங்கள். ஐந்து முடிந்ததும் அவன் தலை சுற்றி நிற்பான், அப்போது ஒரே ஒரு குத்து போதும். மகளை எண்ணச் சொல்லுங்கள்.

பழைய_கேசட் (#22)

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். அவள் இப்போதே விரலை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.